‘தௌ’, ‘ஹாத்’, ‘மீதிங்க்ஸ்’: ஆங்கிலக் கதையில் பழைய சொல்வடிவங்களை எப்படிக் கையாள்வது?

வாசல்திண்ணை

வணக்கம். நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறார். கற்பனை ராஜ்ஜியம், ஆனால் இடைக்கால இங்கிலாந்தின் சாயல். மெய்ப்புப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கதை நன்றாகவே போகிறது. ராஜா வாயைத் திறந்தால்தான் சிக்கல். கண்ட இடத்தில் ‘எத்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘ஐ கோயெத்’, ‘தௌ ஹாத்’, ‘தே நோயெத் நாட்’ என்று பக்கத்துக்குப் பத்து. கேட்டால் “பழைய வாசனை வரணும் இல்லையா” என்கிறார். இதற்கெல்லாம் ஏதாவது விதி உண்டா, அல்லது வாசனைக்காக யாரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாமா? அப்புறம், இன்றைக்கு எழுதும் கதையில் இதெல்லாம் தேவைதானா? இங்கே ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

நெல்லைக்காற்று

ராஜா ‘மாதம் மும்மாரி பொழிகிறதா அமைச்சரே’ என்று கேட்காதவரை சந்தோஷப்படுங்கள்.

பழையபுத்தகக்கடை

விதி உண்டு, கறாரான விதி. தமிழருக்கு அது சுலபமாகவே பிடிபடும். நம் வினைமுற்றைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிகிறது: போகிறேன், போகிறாய், போகிறான். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்திலும் அதன் மிச்சம் இருந்தது. ‘ஐ கோ’ போகிறேன், ‘தௌ கோயெஸ்ட்’ போகிறாய், ‘ஹி கோயெத்’ போகிறான். ‘எஸ்ட்’ முன்னிலை ஒருமைக்கு உரியது, ‘எத்’ படர்க்கை ஒருமைக்கு உரியது. உங்கள் ராஜா ‘ஐ கோயெத்’ என்றால் ‘நான் போகிறான்’ என்று பேசுகிறார். ‘தௌ ஹாத்’ என்றால் ‘நீ வைத்திருக்கிறான்’. ‘தௌ ஹாஸ்ட்’, ‘ஹி ஹாத்’ என்று இருக்க வேண்டும். செய்கிறாய், செய்கிறான் என்பதற்கு வரும் ‘டஸ்ட்’, ‘டத்’ இரண்டுக்கும் இதே கணக்குதான்.

‘தௌ’ எழுவாய், ‘தீ’ செயப்படுபொருள். அதாவது நீ, உன்னை. ‘தை’ என்றால் உன். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘தை’ போய் ‘தைன்’ வரும், நம் ஒரு, ஓர் மாதிரி. ‘தை ஹேண்ட்’, ஆனால் ‘தைன் ஐஸ்’. உன்னுடையது என்று தனியாக நின்றாலும் ‘தைன்’தான்.

பன்மையில் ‘யீ’ எழுவாய், ‘யூ’ செயப்படுபொருள். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் யோவான் 8:32 ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும்: ‘யீ ஷல் நோ த ட்ரூத், அண்ட் த ட்ரூத் ஷல் மேக் யூ ஃப்ரீ’. அறிபவர்கள் ‘யீ’, விடுதலை பெறுபவர்கள் ‘யூ’. கடைப் பலகைகளில் தொங்கும் ‘யீ ஓல்ட்’ இந்த ‘யீ’ இல்லை. அங்கே ‘த’ ஒலிக்கு ‘தார்ன்’ என்று ஒரு தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ஒய் மாதிரி தெரியும். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் இல்லாததால் அச்சுக்கோப்பவர்கள் ஒய் வைத்து ஒப்பேற்றினார்கள். படிக்க வேண்டியது ‘த ஓல்ட்’ என்றுதான்.

ஒரு சின்ன விஷயம். இதைப் ‘பழைய ஆங்கிலம்’ என்று சொல்லாதீர்கள். அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பேவுல்ஃப் காவியத்தின் மொழிக்கு உரியது. அதை இன்றைய ஆங்கிலேயர் அகராதி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாது. நாம் பேசுவது ஷேக்ஸ்பியர் காலத்து மொழி.

அச்சுப்பிழை

ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம் சார். ஷேக்ஸ்பியரே கலந்து கட்டி அடித்தவர். வெனிஸ் வணிகன் நாடகத்தில் போர்ஷியா கருணையைப் பற்றிப் பேசும் வரியைப் பாருங்கள்: ‘இட் ப்ளெஸ்ஸெத் ஹிம் தட் கிவ்ஸ் அண்ட் ஹிம் தட் டேக்ஸ்’. ஒரே வரியில் ஒரு ‘எத்’, இரண்டு ‘எஸ்’. அவருக்கு ஒரு நியாயம், நண்பருக்கு ஒரு நியாயமா?

பழையபுத்தகக்கடை

நல்ல வரியாகப் பிடித்தீர்கள், ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. அந்த மூன்றுமே படர்க்கை ஒருமை. தெற்கு இங்கிலாந்தில் ‘எத்’, வடக்கே ‘எஸ்’. வடக்கத்திய வடிவம் கீழே இறங்கி லண்டனைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது, இரண்டும் புழக்கத்தில் இருந்தன. கவிஞனுக்கு இதில் கொண்டாட்டம். ‘ப்ளெஸ்ஸெத்’ என்றால் இரண்டு அசை, ‘கிவ்ஸ்’ என்றால் ஒன்று. யாப்பில் எது உட்காருகிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ‘ஐ ப்ளெஸ்ஸெத்’ என்று அவர் எழுத மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1643இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற பள்ளி ஆசிரியர் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ‘லீடெத்’, ‘டேக்கெத்’ என்று எழுதினாலும் பேசும்போது ‘லீட்ஸ்’, ‘டேக்ஸ்’ என்றே சொல்கிறோம் என்று அதில் குறித்திருக்கிறார். ஆக, அந்தக் காலத்திலேயே ‘எத்’ பெரும்பாலும் ஏட்டு வடிவமாகிக்கொண்டிருந்தது. ஒரு சமையல்காரி அடுப்படியில் நின்று ‘எத்’ போட்டுப் பேசுவதாக எழுதினால் அது அந்தக் காலத்துக்கே பொருந்தாது.

கடலோரம்

எனக்கு வேறொரு சந்தேகம். நாங்கள் தேவாலயத்தில் ஆங்கிலத்தில் செபம் படித்து வளர்ந்தவர்கள். ‘ஹாலோட் பீ தை நேம்’. தமிழில் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’. அதனால் ‘தௌ’ என்றால் மிகுந்த மரியாதை என்றுதான் இவ்வளவு காலமும் நினைப்பு. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ இப்பவும் பேச்சில் இருக்கிறது. ‘தௌ’ இதில் எந்தப் படி?

பழையபுத்தகக்கடை

நீதான் அது. சுத்தமான ‘நீ’.

பைபிளை மொழிபெயர்த்தவர்கள் மரியாதையைக் கணக்கில் எடுக்கவில்லை. எபிரேய மூலத்திலும் கிரேக்க மூலத்திலும் முன்னிலைக்கு ஒருமை, பன்மை உண்டு. 1520களில் டிண்டேல் மொழிபெயர்த்தபோது அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், 1611 பைபிளும் அவர் வழியில் போனது. கடவுள் ஒருவர், ஆகவே ‘தௌ’. சாத்தானும் ஒருவன், அவனுக்கும் ‘தௌ’. ‘கெட் தீ பிஹைண்ட் மீ, சேட்டன்’ என்ற வரியில் என்ன மரியாதை இருக்கிறது? அன்றாடப் பேச்சில் ‘தௌ’ செத்து, செபத்தில் மட்டும் மிஞ்சிய பிறகு, அதற்குக் கோயில் வாசனை ஏறிவிட்டது. இன்றைய ஆங்கிலேயர் பலருக்கும் உங்களுக்கு இருந்த அதே நினைப்புதான்.

நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சுந்தரர் சிவபெருமானிடம் ‘அத்தா உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே’ என்றுதான் பாடினார். ‘உங்களுக்கு’ என்று பாடவில்லை.

மனிதருக்குள் வரும்போதுதான் வம்பு. மேல்தட்டினர் தங்களுக்குள் ‘யூ’. வேலைக்காரனுக்கு ‘தௌ’. குழந்தைக்கும் காதலிக்கும் ‘தௌ’, திட்டும்போதும் ‘தௌ’. 1603இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேயின் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ராலேயைப் பார்த்து, ‘ஐ தௌ தீ, தௌ ட்ரெய்டர்’ என்று கத்தினார். ‘உன்னை நீ என்றுதான்டா சொல்வேன், துரோகி’ என்று பொருள். பிரதிப் பெயரையே வினைச்சொல்லாக்கி அறைந்திருக்கிறார்.

நெல்லைக்காற்று

நீதிமன்றத்தில் ‘தீ’ என்று சொன்னதும் யாரும் ஓடவில்லையா?

கடலோரம்

அப்படியென்றால் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் எல்லாரையும் ‘தௌ’ என்று அழைத்து வம்பில் மாட்டியதும் இதனால்தானா?

பழையபுத்தகக்கடை

அதேதான். ஜார்ஜ் ஃபாக்ஸும் அவர் கூட்டத்தாரும் 17ஆம் நூற்றாண்டில், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் பிரபுவையும் ‘தௌ’ என்றே விளித்தார்கள், தொப்பியையும் கழற்ற மறுத்தார்கள். அடியும் சிறையும் கிடைத்தது.

யார்க்‌ஷயர் கிராமங்களில் ‘தா’ என்ற உருவில் இது ரொம்பக் காலம் உயிரோடு இருந்தது. உன்னை ‘தா’ என்று சொல்பவரை நீ திருப்பித் ‘தா’ என்று சொல்லாதே என்று பிள்ளைகளை அதட்டும் வழக்கே அங்கு இருந்தது.

இரவுப்பணி

கதை எழுதுபவருக்கு உண்மையில் பயன்படுவது இந்தப் பகுதிதான் என்பேன். ‘எஸ்ட்’, ‘எத்’ எல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். யார் யாரை எப்போது ‘தௌ’ என்கிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள் என்பதில்தான் நாடகம் இருக்கிறது.

ஹாம்லெட் மூன்றாம் அங்கத்தில் அம்மாவின் அறைக் காட்சி. கணவன் இறந்ததும் அவன் தம்பியையே மணந்துகொண்ட அம்மா, மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறாள். ‘ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டெட்’. உன் அப்பா மனதை நீ ரொம்பப் புண்படுத்திவிட்டாய். அவள் சொல்லும் அப்பா சித்தப்பன். மகன் திருப்பிக் கொடுக்கிறான்: ‘மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டெட்’. என் அப்பாவை நீங்கள்தான் புண்படுத்தியிருக்கிறீர்கள். அவன் சொல்லும் அப்பா செத்துப்போனவர். மகன் அம்மாவை ‘யூ’ என்பது சாதாரண மரியாதை, அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வரியைப் பாருங்கள். அம்மா சட்டென்று மாறுகிறாள்: ‘கம், கம், யூ ஆன்ஸர் வித் ஆன் ஐடில் டங்’. ஒரு வரி முன்னால் ‘நீ’யாக இருந்த பிள்ளை ‘நீங்கள்’ ஆகிவிட்டான். நம் வீடுகளில் கோபம் வந்தால் அம்மா “சரிங்க சார், நீங்க சொன்னா சரி” என்பாளே, அந்தக் குளிர். மேடைக் குறிப்பு எதுவும் இல்லை, ஒரு பிரதிப் பெயர்தான் வேலை செய்கிறது.

டோல்கீனும் இதைச் செய்திருக்கிறார். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் எயோவின் என்ற பெண், தான் விரும்பும் ஆரகோர்னிடம் முதலில் ‘யூ’ என்றே பேசுகிறாள். அவன் புறப்படும் காலையில் வந்து நின்று ‘வில்ட் தௌ கோ?’ என்கிறாள். அந்தக் காட்சியில் அவன் ‘யூ’வைவிட்டு இறங்கவில்லை. காதலும் மறுப்பும் அதிலேயே முடிந்துவிட்டது. பின்னிணைப்பில் ஆசிரியரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார், ஓரிரு இடங்களில் மட்டும் ‘தௌ’ வைத்து வேறுபாட்டைச் சாடையாகக் காட்ட முயன்றதாக. ஓரிரு இடங்களில்! அவ்வளவு தடிமனான புத்தகத்தில்.

அச்சுப்பிழை

டோல்கீன் பழைய ஆங்கிலத்தையே பல்லாண்டு கற்பித்த பேராசிரியர். அவரை உதாரணம் காட்டினால் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடும், அதுதான் பயமே.

என் கட்சி இதுதான்: தொடவே வேண்டாம். மொழி தெரிந்தவர்களே இதில் அடி வாங்கியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்பென்சர் தன் காலத்துக்கும் முந்தைய, 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் கால வார்த்தைகளைத் தேடித் தேடிப் போட்டுக் கவிதை எழுதினார். நாடகாசிரியர் பென் ஜான்சன் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: பழையவர்களைப் போல எழுதப் போய் ஸ்பென்சர் எந்த மொழியிலும் எழுதவில்லை. வில்லியம் மாரிஸ் 1887இல் ஒடிஸியைப் பழங்கால ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அடுத்த ஆண்டே ஆர்ச்சிபால்ட் பேலன்டைன் என்பவர் அதற்கு ‘வார்டர் ஸ்ட்ரீட் ஆங்கிலம்’ என்று பட்டம் கட்டினார். வார்டர் தெரு லண்டனில் போலிப் பழம்பொருள் மரச்சாமான்களுக்குப் பெயர்போன இடம். புதுப் பலகையில் பூச்சிபிடித்த ஓட்டை போட்டு விற்பார்கள்.

ஸ்டீவன்சன் இன்னும் நேர்மையானவர். 1883இல் கறுப்பு அம்பு நாவலை எழுதும்போது, அந்த ‘டஷ்’, ‘டஷ்’ என்று அலுத்துக்கொள்ளும் வசனப் பாணிக்கு ‘டஷரி’ என்று தானே கிண்டலாகப் பெயர் வைத்தார். வைத்துக்கொண்டே எழுதினார், அது வேறு கதை.

பழையபுத்தகக்கடை

ஸ்பென்சர் பெயர் வந்ததால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘டெரிங் டூ’ என்றால் வீரசாகசம் என்று இன்றைக்கு அகராதியில் இருக்கிறது. அது ஒரு தவறில் பிறந்த சொல். சாஸர் எழுதியது ‘ஒரு வீரனுக்கு உரியதைச் செய்யத் துணிவதில்’ என்ற தொடர். அதில் ‘துணிவதும்’ ‘செய்வதும்’ இரண்டு வினைகள். பின்வந்த கவிஞர் லிட்கேட் அதை எடுத்தாண்டார், பிறகு அச்சில் எழுத்து மாறியது. 1579இல் ஸ்பென்சர் இரண்டு வினையையும் சேர்த்து ஒரு பெயர்ச்சொல்லாகவே வைத்துவிட்டார். அந்த நூலுக்கே உரை எழுதிய இ.கே., ‘ஆண்மையும் வீரமும்’ என்று பொருளும் தந்துவிட்டார். 1819இல் வால்டர் ஸ்காட் ஐவன்ஹோவில் அதை எடுத்துப் போட்டார், ஊரெல்லாம் பரவிவிட்டது.

இதைவிட விசித்திரம் தாமஸ் சாட்டர்டன். பிரிஸ்டல் பையன். 15ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் ரௌலி எழுதியவை என்று கவிதைகளைத் தானே எழுதிக் கொடுத்தான். 1770இல் பதினேழு வயதில் செத்தும் போனான். அவை உண்மையா போலியா என்று பெரிய பண்டிதர்கள் சண்டை போட்டார்கள். மாட்டிக்கொடுத்தது சொற்கள்தான். அகராதியில் ‘பழஞ்சொல்’ என்று குறித்திருந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டிருந்தான், அகராதி செய்த பிழைகளையும் சேர்த்து. ஆனால் கவிதை நல்ல கவிதை. கவிஞர் கீட்ஸ் தன் எண்டிமியன் கவிதையை அவன் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

வாசல்திண்ணை

ஆஹா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அச்சுப்பிழை சொல்வதுபோல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் ராஜா நம் தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரி பேசுகிறார். வைத்தால் வார்டர் தெரு. நடுவழி எதுவும் இல்லையா?

இரவுப்பணி

இருக்கிறது. கோல்ரிட்ஜைப் பாருங்கள். 1798இல் முதிய மாலுமிக் கவிதையை வெளியிட்டபோது தலைப்பிலேயே பழைய எழுத்துக்கூட்டல், உள்ளே பழஞ்சொற்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. 1800 பதிப்பில் அவரே பலவற்றை உருவினார். ஆனால் ‘எஃப்ட்சூன்ஸ்’ என்ற சொல் இன்றும் அங்கேயே இருக்கிறது. மாலுமி கல்யாண விருந்தாளியின் கையைப் பிடிக்கிறான், அவன் விடச் சொல்கிறான், ‘எஃப்ட்சூன்ஸ்’ கை கீழே விழுகிறது. உடனே என்று பொருள். அது தெரியாதவருக்கும் காட்சி புரியும். நண்பரின் பிரதிக்கு இதையே அளவுகோலாக வைக்கலாம்: சொல் புரியாவிட்டாலும் வரி புரிகிறதா?

சொல்லைவிட வாக்கிய அமைப்பு அதிகம் உதவும். ‘ஐ டூ நாட் நோ’ என்பதை ‘ஐ நோ நாட்’ ஆக்கினால் எந்தப் பழஞ்சொல்லும் இல்லாமலேயே முந்நூறு ஆண்டு பின்னால் போய்விடலாம். ‘கம் நாட் பிட்வீன்’ என்று தொடங்கும் ஒரு மிரட்டல் போதும். டோல்கீன் 1955இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடித வரைவில் இதைத்தான் வாதிட்டார். பழங்கால அரசன் ஒருவனின் எண்ணத்தை இன்றைய பேச்சில் எழுதினால் அது பொய்யாகிவிடும், ஏனென்றால் இன்றைய பேச்சில் பேசுகிறவன் அப்படி நினைக்கவே மாட்டான் என்றார். எனக்கு இது சரியாகவே படுகிறது.

அச்சுப்பிழை

வாக்கிய அமைப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். சொற்களில் பிடிவாதம் பிடித்தால், அர்த்தம் மாறியவற்றிடம் ஜாக்கிரதை. ‘வேர்ஃபோர்’ என்றால் எங்கே என்று நினைத்து, ஜூலியட் மாடியில் நின்று ரோமியோவைத் தேடுவதாக எத்தனை நகைச்சுவைத் துணுக்கு! ‘ஏன்’ என்றுதான் பொருள், ஏன் நீ ரோமியோவாகப் பிறந்தாய் என்கிறாள். ‘லெட்’ என்றால் தடுப்பது என்றும் பொருள் இருந்தது. தன்னைத் தடுப்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் கத்துவது அந்தச் சொல்லால்தான். விடு என்று எடுத்துக்கொண்டால் தலைகீழ்.

கடலோரம்

‘மீதிங்க்ஸ்’ எழுதலாமா? அதுவும் பிரதியில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாசல்திண்ணை

இருக்கிறது. ‘ஐ மீதிங்க்ஸ்’ என்று.

பழையபுத்தகக்கடை

‘ஐ’யை வெட்டுங்கள். ‘மீ’ என்பது இங்கே ‘எனக்கு’. ‘தோன்றுகிறது’ என்று பொருள்படும் தனி வினை ஒன்று இருந்தது, ‘நினை’ என்ற வினைக்கு உறவு, ஆனால் வேறு. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று நாம் சொல்வதன் அச்சு அசல். நான் எனக்குத் தோன்றுகிறது என்று யாராவது சொல்வார்களா? இறந்த காலம் ‘மீதாட்’. ஒரு நாவலுக்கு ஒரு தடவைக்கு மேல் வந்தால் சிரிப்பு வரும் என்பது என் கருத்து.

கடலோரம்

ஹெமிங்வே 1940இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய நாவலில் போராளிகளை ‘தௌ’, ‘தீ’ என்று பேசவைத்தது நினைவுக்கு வருகிறது. அவர்கள் பேசுவது ஸ்பானியம், அதில் நெருக்கத்துக்குத் ‘தூ’ இருக்கிறது, அதைக் காட்டத்தான். நோக்கம் சரி. ஆனால் துப்பாக்கியும் கையுமாக நிற்கும் கிராமத்தான் பைபிள் வாசிப்பதுபோலவே என் காதில் விழுந்தது. ‘தௌ’வில் ஏறிய கோயில் வாசனை இறங்க மாட்டேன் என்கிறது.

இரவுப்பணி

அதனால்தான் அளவு. வாசல்திண்ணை, உங்கள் ராஜா எல்லாரிடமும் ‘யூ’ என்றே பேசட்டும், இலக்கணம் இன்றையதாகவே இருக்கட்டும், வாக்கியம் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கட்டும். கதையில் ஒரே ஒரு இடத்தில், யாரோ ஒருவரிடம், ‘தௌ’வுக்கு இறங்கட்டும். அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

வாசல்திண்ணை

இருக்கிறது. கூடவே வளர்ந்த தளபதி கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான் என்று தெரியவரும் அத்தியாயம். நண்பரிடம் பேசினேன். முதலில் முறைத்தார், ஹாம்லெட் காட்சியை அனுப்பியதும் அடங்கினார். மற்ற ‘எத்’ எல்லாவற்றையும் எடுக்கச் சம்மதம். அந்த அத்தியாயத்தில் ராஜா அதுவரை ‘யூ’ என்று பேசிய தளபதியிடம் இப்படிச் சொல்கிறார்: ‘ஐ ட்ரஸ்டெட் யூ. தௌ பிட்ரேயெட்ஸ்ட் மீ’. சரியா?

பழையபுத்தகக்கடை

மாறும் இடம் அருமை. இலக்கணமும் சரி. ஆனால் ‘பிட்ரேயெட்ஸ்ட்’ என்று எந்த நடிகனாலும் சொல்ல முடியாது, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இப்படி இடறும்போது அந்தக் காலத்தவர்களே ‘டிட்ஸ்ட்’டைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். ‘தௌ டிட்ஸ்ட் பிட்ரே மீ’ என்று போடுங்கள்.

அச்சுப்பிழை

‘மீ’யையும் எடுத்துவிடலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் ஊரே இருந்தது அல்லவா.